தண்ணீர் மட்டும் மாற்று

நத்தாருக்குச் சில நாட்கள் இருக்கும்போது, அம்மா வேலை வீட்டிலிருந்து ஒரு பனெத்தோனே தகரத்தைக் கம்பளிச் சால்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி கொண்டுவந்தார். பனெத்தோனே என்றால் உலர்ந்த திராட்சை போட்டு உயரமாகச் சுடுகிற கிறிஸ்மஸ் கேக். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குச் சிஞ்ஞோராமார், அதாவது வீட்டுக்காரப் பெண்மணிகள், அதைக் கொடுப்பது பலெர்மோவில் வழக்கம். எனக்கு அப்போது எட்டு வயது. எதற்கும் பொறுமை கிடையாது, கேக்குக்குச் சுத்தமாகக் கிடையாது. அம்மா தகரத்தை மேசையில் வைத்துக் கையை எடுக்கும் முன்பே மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே கேக் இல்லை. சுடுதண்ணீர்ப் பையின் மேல் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது.

அப்பா கதிரையில் ஏறினார். இத்தாலிக்கு வரும் வழியில் இருட்டுக் காடுகளை நடந்தே கடந்த கதையை ஞாயிறு தோறும் சொல்லுகிற மனிதர் அவர். அந்தக் காடுகளில் பாம்பு இருந்ததா என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"ஆரைக் கேட்டு இதைக் கொண்டந்தனீர்?" என்று மேலே நின்றபடியே அம்மாவைக் கேட்டார்.

"ஆரையும் கேக்கேல்லை. குளிரிலை விறைச்சுச் செத்துக்கொண்டு கிடந்தது. கொண்டந்தனான்."

"செத்தால் சாகட்டுமே!"

"இது செத்தால் எங்கட பிள்ளை வரமாட்டாள். அதை யோசிச்சனீங்களே?"

அப்பா கதிரையிலிருந்து இறங்கவில்லை.

பிள்ளை என்று அம்மா சொன்னது என் அக்காவை. அக்கா தவழ்கிற வயதில் அவளை மன்னாரில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் புறப்பட்டிருந்தார்கள். ஒரு வருடத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தார்களாம். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. இடையில் நான் பலெர்மோவில் பிறந்து, அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய தெருக்களில் ஓடித் திரிகிற அளவுக்கு வளர்ந்துவிட்டேன். எனக்கு அக்கா என்றால் தொலைபேசியில் 'ம்' என்று வருகிற ஒரு சத்தம். ஞாயிறு பூசை முடிந்ததும் பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் உள்ள தொலைபேசிக் கடையில் ஒரே வாங்குக்கு அடிபட்டுக்கொண்டு உட்கார்ந்து கதைப்போம். அக்கா பெரியம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிடுவாள். எங்கள் அம்மா அவளுக்குப் 'பலெர்மோ அம்மா'. அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பார். பிறகு வீடு வந்து சேரும்வரை என் கையை விடமாட்டார்.

அது ஊரில் போர் நிறுத்தம் இருந்த காலம். மன்னாரிலிருந்து வெளியே வருகிற பாதை திறந்திருந்தது. எப்போது பூட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் நெருப்பை மிதித்தவர்கள் போலவே திரிந்தோம். அக்காவை எடுக்க வேண்டுமென்றால் அம்மாவின் வேலை சட்டப்படி பதிவாக வேண்டும். அதற்குச் சிஞ்ஞோரா கொந்திராத்தோவில், அதாவது வேலை ஒப்பந்தத்தில், கையெழுத்து வைக்க வேண்டும். அம்மா வேலை செய்தது பொலிதேயாமாப் பக்கத்தில், உயரமான ஜன்னல்கள் வைத்த ஒரு பழைய வீட்டில். அந்தச் சிஞ்ஞோரா கெட்டவர் அல்ல. கோடை போகட்டும், மழை வரட்டும், பல்வலி சுகமாகட்டும் என்று தள்ளிப்போடுகிறவர், அவ்வளவுதான்.

பாம்பு சிஞ்ஞோராவின் மகனுடையது. அவர் பல்கலைக்கழகத்தில் விலங்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவார். நான் அந்த வீட்டில் ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டு திரிவதால், என்னைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருத்துவது மகனின் வேலையாகியது. பாம்பு என் பெருவிரல் தடிப்புத்தான். கறுப்பு உடம்பில் தலையிலிருந்து வால்வரை மஞ்சள் கோடுகள். சிவந்த நாக்கு, அதன் நுனி மட்டும் மையில் தோய்த்தது போலக் கறுப்பு. இது நஞ்சு கக்கிக் கொல்லுகிற சாதி இல்லை என்று அவர் சொன்னார். பயந்தால் வாலடியிலிருந்து ஒரு நாற்றத்தை விடும். அதுதான் அதனிடம் உள்ள ஒரே ஆயுதம்.

இதன் சொந்த இடம் அமெரிக்காவில் பைன் மரங்கள் அடர்ந்த மலைக்காடு. கோடையில் ஓடைக்கரையில் கிடந்து தவளையும் மீனும் மண்புழுவும் பிடிக்கும். முட்டை போடாது, குட்டிதான் போடும். குளிர் தொடங்கியதும் மலைச்சரிவில் ஏறிப் பாறை வெடிப்புக்குள் இறங்கிவிடும். அங்கே தனியாகக் கிடக்காது, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு ஒரு குவியலாகக் கிடக்கும். வசந்தம் வரும்வரை சாப்பாடு இல்லை. இதையெல்லாம் அவர் சொல்லும்போது நான் ஒரு கேள்விதான் கேட்டேன், ஒரு குவியலில் எத்தனை பாம்பு என்று. எண்ண முடியாது என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, நல்ல சந்தோசமாகவும் இருந்தது.

அந்தக் குளிர்காலம் அவர் வடக்கே ஒரு நகரத்துக்கு வேலை பழகப் போனார். போகும்போது பாம்பை வெப்பம் போடாத களஞ்சிய அறையில் இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். தொட வேண்டாம், தீனி வேண்டாம், சூடு வேண்டாம். அது தூங்கும்." சிஞ்ஞோராவுக்குப் பாம்பைக் கண்டால் ஆகாது. ஆனால் மகன் என்றால் உயிர். திருநாட்களுக்குத் தன் தங்கை வீட்டுக்குப் புறப்படும்போது அவர் அம்மாவின் கையில் வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுத்து, நீ அந்தப் பிராணியைப் பார்த்துக்கொள், நான் வந்து உன் கொந்திராத்தோவைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ. அம்மா அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு இத்தாலிய மொழி விளங்கவில்லை என்று நினைக்காதீர்கள். மகன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நம்பவில்லை, அவ்வளவுதான். களஞ்சிய அறைக்குள் போய்த் தரை கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். பாம்பு அசையவில்லை. கண் திறந்தபடியே கிடந்தது. பாம்புக்கு இமை இல்லை என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"குளிருக்கை ஒருத்தருக்கு என்னெண்டு நித்திரை வரும்?" என்று அப்பாவிடம் கேட்டார். "நானும் இவ்வளவு வருசமாய் இஞ்சை குளிர்ந்துகொண்டுதானே கிடக்கிறன். எனக்கு வரேல்லை."

எங்கள் வீட்டுக் காஸ் ஹீற்றருக்கு முன்னால் பாம்பை வைத்தோம். அம்மா சுடுதண்ணீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தார். அப்பா தகரத்தை மாதா சுரூபத்துக்கு நேர் கீழே தள்ளி வைத்தார். மாதாவின் காலடியில் ஏற்கனவே ஒரு பாம்பு நசுங்கிக் கிடந்தது. இதையும் அவ பார்த்துக்கொள்ளுவா என்பது அவருடைய கணக்கு. பொழுதுபட்டபின் அதன் பெயரைச் சொல்ல அவர் யாரையும் விடவில்லை. 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். மேல்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்து மாமி எப்படியோ மணந்து பிடித்துக்கொண்டு, நாகதம்பிரானே வந்திருக்கிறார் என்று ஒரு சாசரில் பால் கொண்டுவந்து வைத்தார். பாம்பு பாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமி சோர்ந்துபோகவில்லை. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், என்பதால் நாகதம்பிரானுக்குக் கூச்சமாக இருக்கும் என்றார்.

மறுநாள் பாம்பு தலையைத் தூக்கியது. அம்மா கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பல்லாரோவுக்கு ஓடிப்போய் மீன் வாங்கி வந்து, சின்னத் துண்டாக வெட்டி, நான் குச்சியில் குத்தி நீட்டினேன். தின்றது. இன்னொன்று கொடுத்தேன், அதையும் தின்றது.

"பாத்தியே, பசிதான்," என்றார் அம்மா. "நித்திரையாம் நித்திரை! பணக்காரர் பட்டினி போடுறதுக்கும் ஒரு பேர் வைச்சிருப்பினம்."

அன்று அம்மா சந்தோசமாக இருந்தார். சாந்தா ரோசலியா என்கிற புனிதையின் மலைக்கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்த்தி வைத்தார். எங்கள் ஆட்கள் எல்லோருமே அந்த மலைக்கு நேர்த்தி வைக்கிறவர்கள்தான். பூசை முடிந்து, என்னத்துக்கு நேர்த்தி என்று மற்ற அன்ரிமார் கேட்டபோது அம்மா, குடும்ப விசயம் என்றார். அது பொய்யும் இல்லை.

ஆனால் விழித்த பாம்பு நிம்மதியாக இருக்கவில்லை. தகரத்தின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. மூக்கைத் தேய்த்துத் தேய்த்து மூக்கு நுனி வெளிறிப்போனது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு மூடியில் முட்டல். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கால் பரபரக்கும், எழும்பி அறையைச் சுற்றுவேன். அப்பா என்னை இருக்கச் சொல்லித் தானும் எழும்பி நடப்பார். ஒரே அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் எல்லோரும் ஏதோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

மூன்று இராசாக்கள் திருநாளுக்கு முதல்நாள் நாங்கள் கோவிலால் வந்தபோது தகரத்தின் மூடி சரிந்து கிடந்தது. உள்ளே சுடுதண்ணீர்ப் பை மட்டும். திருநாள் முடிந்ததும் சிஞ்ஞோரா வந்துவிடுவார்.

கட்டிலைத் தூக்கினோம். அலுமாரியை இழுத்தோம். அரிசிப் பையைக் கொட்டிப் பார்த்தோம். அப்பா சப்பாத்துகளைத் தும்புத்தடியால் தூக்கித் தூக்கி உதறினார். மாமி வாசலில் நின்று, கோபிச்சுக்கொண்டு போயிட்டார் என்றார். அம்மா திடீரென்று தேடுவதை நிறுத்திவிட்டுத் தரையில், கொட்டிய அரிசிக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"இனி அவள் வரமாட்டாள்," என்றார். "என்ரை கையாலை நானே கெடுத்துப்போட்டன்."

அம்மா அப்படி அழுது நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. பயந்துபோனேன். பாம்பு போனதற்கு அல்ல, அம்மா எழும்பமாட்டாரோ என்றுதான் பயம். அம்மாவின் கைத்தொலைபேசியில் சிஞ்ஞோராவின் மகனுடைய இலக்கம் இருந்தது. யாரிடமும் கேட்காமல் எடுத்து அழுத்தினேன். அவர் 'ப்ரொந்தோ' என்றதும், பலெர்மோப் பிள்ளைகள் கத்துகிற இத்தாலியத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சூடு காட்டியது, மீன் கொடுத்தது, மாதா, பால், எல்லாம்.

அவர் ஏசாமல் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் வீட்டில் ஆகக் குளிரான இடம் எது?

அதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒளித்துப் பிடித்து விளையாடும்போது நான் ஒளிக்காத ஒரே இடம் அதுதான். பின்பக்கப் பல்கனியில், வெயில் படாத மூலையில், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். குழாயைச் சுற்றி, பாதி ஈரத்தில், பாம்பு சுருண்டு கிடந்தது.

அப்பா தும்புத்தடி எடுக்கப் போனார். அம்மா காத்திருக்கவில்லை. அதுவரை தடியாலும் துணியாலும் மட்டுமே அதைத் தொட்ட அம்மா, குப்புறப் படுத்து வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாம்பு தன் ஒரே ஆயுதத்தைப் பாவித்தது. அழுகின மீனும் கருகின ரப்பரும் சேர்ந்த அந்த நாற்றம் அம்மாவின் ஸ்வெற்றரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. அம்மா முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "குளிரையே தேடிப் போனனி?" என்று பாம்பிடம் கேட்டார். "விசர்ப் பாம்பே!" பொழுதுபட்டிருந்தும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

தொலைபேசியில் மகன் எனக்குச் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். இனிச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. வயிற்றில் தீனியோடு குளிருக்குள் போனால் அது உள்ளேயே அழுகிப் பாம்பைக் கொன்றுவிடும். தின்றது செமிக்கும்வரை சில நாள் வீட்டில் வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லக் குளிருக்குப் பழக்கி, களஞ்சிய அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் மாற்றினால் போதும். அது தானாக எழும்பும். எழுப்பினால்தான் ஆபத்து. தாயிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதாகவும் சொன்னார். என்ன சொன்னாரோ, சிஞ்ஞோரா ஒன்றும் கேட்கவில்லை.

வசந்தத்தில் பாம்பு தானாக எழும்பியது. சட்டை கழற்றிப் புதுக் கறுப்பும் புது மஞ்சளுமாக வந்தது. மகன் அந்தச் சட்டையை எனக்குத் தந்தார். சிஞ்ஞோரா கையெழுத்து வைத்தார். அம்மா வெறுங்காலோடு மலை ஏறினார். குவெஸ்தூரா என்கிற குடிவரவுப் பொலிஸ் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அப்பா அலைந்து முடிய இன்னொரு கோடை போனது.

அக்கா வந்தது நவம்பர் தொடக்கத்தில். பலெர்மோவில் இறந்தவர்கள் திருநாளுக்குச் சீனிப் பொம்மை விற்கிற நாட்கள். அக்காவுக்கென்று அம்மா ஒரு பெரிய பொம்மை வாங்கி வைத்திருந்தார், சிவப்புப் பாவாடை கட்டினது. அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது, பொம்மை வயது தாண்டிவிட்டது. அம்மாவின் கணக்கில் அவள் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாளோ தெரியாது. அக்கா பொம்மையைப் பார்த்து 'ம்' என்றாள். தொலைபேசியில் கேட்ட அதே சத்தம்.

பிறகு அவள் படுத்தாள். அப்பா பலகை அடித்து அவளுக்கென்று மறைத்துக் கொடுத்த சின்ன அறைக்குள், சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வைக்குள் சுருண்டு. அம்மா புட்டு அவித்தார், மீன் குழம்பு வைத்தார், பாண் வாட்டினார். தட்டு போனபடியே திரும்பி வந்தது. ஹீற்றரை அறைக்குள் தள்ளினார். போர்வைக்கு மேல் போர்வை போட்டார். நாலு தரம் போய், "பிள்ளை, எழும்பணை, ஒரு வாய் சாப்பிடணை" என்று கெஞ்சினார். அக்கா கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள், அசையவில்லை.

எனக்கு இது முன்பே நடந்து முடிந்த காரியமாகத் தோன்றியது. அந்த வீட்டில் விசயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்கிற பெருமை எனக்கு.

"அம்மா, அவவை விடுங்கோ," என்றேன். "சூடு காட்டாதேங்கோ. சாப்பாடும் வேண்டாம். தண்ணி மட்டும் மாத்தினால் காணும். குளிர் முடிய அவ தானா எழும்புவா. எழுப்பினால்தான் ஆபத்து."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் களைத்துப் போயிருந்தார். தட்டுத் திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுண்டிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த நாளிலிருந்து தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். யாரும் பார்க்காத நேரத்தில் அதில் கொஞ்சம் குறைந்திருக்கும். பிள்ளை ஆறட்டும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் அடிமேல் அடி வைத்து நடந்தார். மாமி பார்க்க வந்தால் நான் வாசலில் நின்று உதட்டில் விரல் வைப்பேன். பள்ளிக்கூடம் போகும் முன் ஒவ்வொரு நாளும் அக்காவின் தலைமாட்டில் இருந்த கிளாசில் தண்ணீர் மாற்றி வைத்தேன். ஒருநாளும் தவறவிடவில்லை.

வசந்தம் தொடங்கி, பல்லாரோவில் புதுப் பச்சை அவரை வந்திறங்கிய ஒரு காலையில் அக்கா தானாக எழும்பிக் குசினிக்கு வந்தாள். தேத்தண்ணி இருக்கா என்று கேட்டாள். நான் துள்ளினேன். சொன்னேன்தானே, சொன்னேன்தானே என்று மாமியிடம், பள்ளித் தோழிகளிடம், கடைசியில் சிஞ்ஞோராவின் மகனிடம்கூடப் பெருமையடித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஊரில் போர் முடிந்த வருடம், பெரியம்மாவின் தொலைபேசி பல மாதமாக எடுபடாமல் இருந்தது. அக்காவும் நானும் கட்டிலில் உட்கார்ந்து அதே இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தோம். அவளைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று நான் பாம்புக் கதையை எடுத்தேன். அப்பா கதிரையில் ஏறியது, மாமியின் பால், பிறகு அவளுடைய அறை வாசலில் நான் காவல் நின்றது. பால் வரைக்கும் சிரித்தாள்.

"நான் நித்திரை கொள்ளேல்லையடி," என்றாள் பிறகு. "எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். ஊரிலை அம்மாவோடை ஒரே பாயிலைதான் படுப்பன். இஞ்சை ஒருத்தரும் கிட்ட வரேல்லை. ஆரெண்டாலும் ஒராள் வந்து பக்கத்திலை படுப்பினம் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான்."

அவள் திரும்பவும் இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சிஞ்ஞோராவின் மகன் சொன்னதில் எதையும் நான் மறந்ததில்லை. சூடு வேண்டாம், தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்று. அந்தப் பாம்புகள் பாறைக்குள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும் என்றதும் நினைவில்தான் இருந்தது. எத்தனை என்று கேட்டேன். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.